மஹ்ரூப் நாநாவின் கட்டைவிரல்

மஹய்யாவயில் பந்து கீழே இறங்காது. கண்டிப் பட்டணத்தில் அப்போது இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. வேதக்கோயிலுக்குப் பின்னால் இருந்த திடலில் 1929இல் கரப்பந்து வலை கட்டினார்கள். அன்றிலிருந்து நாலு வருஷமாக, ஒருவனாவது எழும்பி அடித்து எதிர்ப்பக்கத்து மண்ணில் பந்தைக் குத்தினான் என்று சரித்திரம் கிடையாது. அடித்தால் வலையில் போய் ஒட்டும். இல்லாவிட்டால் ஆகாயத்துக்குப் போய், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆற அமர இறங்கும். அதற்குள் எதிரணிக்காரன் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்துவிடுவான்.

இந்த மானக்கேட்டுக்கெல்லாம் பொறுப்பாளி மத்தியாஸ். ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தேயிலை ஸ்டோரில் அவனுக்குக் கிளாக்கர் வேலை. அணிக்குச் செயலாளரும் அவன்தான், ஆட்டம் முடிந்ததும் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனும் அவன்தான். ஆட மட்டும் மாட்டான். ஆண்டவர் அவனுக்கு அளந்த உயரம் அவ்வளவு. அதை ஈடுகட்ட வாயைக் கொஞ்சம் நீளமாகக் கொடுத்திருந்தார்.

அந்த வாய்தான் வம்பை விலைக்கு வாங்கியது. வருஷாந்தரப் போட்டியை ஒருமுறை கண்டியில் நடத்தும்படி கொழும்புக் கரப்பந்துச் சங்கத்துக்கு அவன் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் திடல் அப்படி, எங்கள் பையன்கள் இப்படி, வலை சட்டப்படி எட்டடி என்று புளுகும் நிசமும் கலந்த கடிதங்கள். 1933 தை மாதம் பதில் வந்தது. சங்கத்துச் செயலாளர் வீரசிங்கம் தம் அணியுடன் மாசியில் வந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்ப்பாராம். திருப்தியானால் சித்திரையில் போட்டி கண்டியில். இல்லாவிட்டால் காலியில்.

"வர்றாங்க!" என்று கடிதத்தோடு வீட்டுக்குள் ஓடினான் மத்தியாஸ்.

அவன் பெண்சாதி கத்தரீனா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "வரட்டும். வந்து என்னத்தப் பாப்பாங்க? ஒங்க பயலுக வலையில பந்தக் காயப்போடுறதயா?"

அணித்தலைவன் சுவக்கின் இன்னும் மோசம். பட்டணத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவன், பேச்சும் குழாய்ச் சாவி மாதிரி முறுக்கும். "மத்தியாசு, இதுதான் கடைசி. கொழும்புக்காரன் முன்னாடி அசிங்கப்பட்டோம்னா, அன்னைக்கே இந்த வலையக் கழட்டி எங்க வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கட்டிப்புடுவேன். பயலுகளும் இனி வரமாட்டானுங்க, சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். கோழிகளும் தயாராக இருந்தன. மத்தியாஸ் தன் ஆயுளில் சொந்தமாகக் கட்டி எழுப்பியது அந்த வலை ஒன்றைத்தான். அன்றிரவு கனவில் அதற்குள்ளே ஒரு சேவல் நின்று கூவியது.

வலை கட்டிய கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எட்டடி உயரம் என்று புத்தகத்தில் இருந்தது. அளப்பது யார்? மஹய்யாவ ஆசாரியின் அடிக்கோலை நம்ப முடியாது. அவர் செய்த கதிரைகள் எல்லாம் நொண்டும். அளவு என்றால் நம்பிப் போகக்கூடிய ஒரே ஆள் அக்குறணைத் துணிக்கடை மஹ்ரூப் நாநாதான். அவருடைய மருமகன் ஹபீல் அணியில் ஆடுகிறவன் என்பதால் கூப்பிட்டதும் வந்தார், கெஜக்கோலோடு. பித்தளைப் பூண் போட்ட, அரசாங்க முத்திரை குத்திய கோல். வெளியே போனால் அதுதான் அவருக்குக் கைத்தடியும்.

நாநா துணி அளக்கிற விதத்தைப் பார்க்கவென்றே மாத்தளையிலிருந்து பெண்கள் வருவார்கள். கோலின் நுனிவரை துணியை இழுத்துப் பிடிப்பார். அங்கே கட்டைவிரலை அழுத்துவார். அடுத்த கெஜம் விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும். அந்த ஒரு விரல் கணக்கில் சேராது, வாங்குகிறவருக்குச் சும்மா. அளவில் ஒரு நூல் குறைந்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அவருடைய வாப்பா பழக்கியது. விரலும் சாமானிய விரல் இல்லை, ஓர் அங்குலத்துக்கு மேலே அகலம். "நாநாகிட்ட ரவிக்கைக்குத் துணி வாங்கினா புள்ளைக்கு மூக்குத் தொடைக்க ஒரு லேஞ்சியும் வந்துரும்" என்று கத்தரீனா சொல்லுவாள்.

கம்பத்தையும் நாநா அப்படித்தான் அளந்தார். எட்டடி என்றால் இரண்டு கெஜமும் இரண்டடியும். ஒரு கோல், ஒரு விரல். இன்னொரு கோல், இன்னொரு விரல். பிறகு இரண்டடி, அதற்கும் ஒரு விரல். விரல் வைத்தது அவருக்கே தெரியாது. கை தன்பாட்டில் செய்தது. சுற்றி நின்ற பத்துப் பேரும் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவனுக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் துணி வாங்கியவர்களுக்கு அளவென்றால் அதுதானே அளவு. பிறகு கட்டுகஸ்தோட்டைக்காரர்களும் பேராதனைக்காரர்களும் வந்து, மஹய்யாவக் கம்பத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டு போய்த் தங்கள் ஊரிலும் அதே உயரத்தில் வலை கட்டினார்கள். ஆக, கண்டிச் சுற்றுவட்டாரம் முழுவதும் கழுத்து வலிக்க அண்ணாந்து ஆடிக்கொண்டிருந்தது.

மாசி மாதத்து ஞாயிறு. பூசை முடிந்த சனம் அப்படியே திடலுக்கு வந்தது. வீரசிங்கம் ரயிலால் இறங்கி வந்தார். தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம், வெள்ளைக் கால்சட்டை, பையில் மடிக்கிற அடிக்கோல். அவருடைய பையன்கள் ஒவ்வொருவனும் பாக்குமரம்.

திடலுக்குள் கால் வைத்ததும் அவர் நின்றார். "என்ன தம்பி, வலையைத் தென்னையிலயோ கட்டி வச்சிருக்கிறீர்?"

அடிக்கோலை விரித்தார். ஒரு ஸ்டூலில் ஏறினார். இறங்கும்போது முகம் சிவந்திருந்தது. "எட்டடி மூண்டரை அங்குலம்! எங்கட பெடியள் உயரமெண்டு தெரிஞ்சு ஏத்திப்போட்டீர், என்ன? எட்டடி எண்டு கையெழுத்து வச்சு எழுதினனீர். உந்தக் கள்ளவேலை செய்யிற இடத்தில போட்டி வைக்கேலாது. நான் அடுத்த ரயிலுக்கே வெளிக்கிடுறன்."

சுவக்கின் வலையைப் பார்த்தான். அது கோழிக்காரன் பார்வை.

"சத்தியமா எட்டடிதாங்க ஐயா. நாநா அளந்தது," என்று மத்தியாஸ் முன்னால் வந்தான்.

முன் வரிசைக் கதிரையிலிருந்து மஹ்ரூப் நாநா எழுந்தார். "நாப்பது வருஷமா யாவாரம் செய்றன். என்ட அளவில பிழ ஈக்கிதெண்டு ஒரு மனிசன் சொன்னதில்ல. இந்தா, எல்லாரும் பாருங்க!"

கம்பத்தில் கெஜக்கோலை வைத்தார். மத்தியாஸ் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டான். வீரசிங்கம் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கோல் முடிந்த இடத்தில் நாநாவின் கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது. கோல் அந்த விரலுக்கு மேலே போய் நின்றது. மறுபடியும் ஒரு விரல். நாநா ஸ்டூலில் ஏறி இரண்டடியை அளந்தார். கடைசியில் இன்னொரு விரல்.

"சரியா எட்டடி!" என்றார் நாநா.

கடையில் மத்தியாஸ் நூறு தடவை பார்த்த விரல். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. சொல்லிவிட்டால் தன் பெயர் தப்பும். ஆனால் இந்த மனுஷன், இத்தனை சனத்துக்கு நடுவில்? அதை யோசிக்கும்போதே இன்னொன்றும் மின்னியது. நாலு வருஷம்! இந்தப் பயல்கள் நாலு வருஷமாக மூன்றரை அங்குலம் கூடுதலாக எழும்பிப் பழகியிருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கி, முகத்தை இழவு வீட்டுக்காரன் போல ஆக்கிக்கொண்டான்.

"ஐயா சொல்றதுதாங்க சரி. கோல் கொஞ்சம் நீளம் போல."

"நீளமோ?" என்று கேட்டார் நாநா. ஒரு கணம் யோசித்தார். "நீளமெண்டா நீளம். கட்டையில்லயே! அது போதும்." நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எறக்கிடுறோம் ஐயா," என்று மத்தியாஸ் குழைந்தான். "ஆனா எங்க பயலுகளுக்கு இந்த ஒசரந்தான் பழக்கம். எறக்கினா ரொம்பக் கஷ்டப்படுவானுங்க. கொஞ்சம் பெரிய மனசு பண்ணி..."

"நல்லாய்க் கஷ்டப்படட்டும்!" என்றார் வீரசிங்கம். "எட்டடிக்கு ஒரு நூல் கூடப்படாது. இறக்கும் காணும்!"

மூன்றரை அங்குலம் இறக்கினார்கள். வீரசிங்கமே அளந்து, தம் கையாலேயே முடிச்சுப் போட்டார்.

முதல் ஆட்டம் கந்தறுந்தது. பழைய வேகத்தில் எழும்பி அடித்த பந்தெல்லாம் எல்லையைத் தாண்டிப் பறந்தது. ஒன்று தேத்தண்ணிக் கடைக் கூரையில் விழுந்தது, ஒன்று சாக்கடைக் கானுக்குள் போயிற்று, ஒன்று கோயில் சாமியாருடைய பப்பாசி மரத்தை முறித்தது. பதினைந்துக்கு ஆறு. வீரசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியாஸ் அழாத குறை. தன் கெட்டித்தனம் தன் தலையிலேயே விடிந்ததோ என்று பயந்தான்.

பக்கம் மாறும்போது ஓடிப்போய் ஹபீலின் சட்டையைப் பிடித்தான். "டேய், தூரமாப் பாக்காத. ஒன் கண்ணுக்கு முன்னாடி வலையே இல்ல. குனிஞ்சு பாத்து அவங்க காலுக்குப் பக்கத்துல அடி!"

ஹபீல் எழும்பினான். முழங்கை வலைக்கு மேலே நின்றது. அவனே அதைத் திரும்பிப் பார்த்து மிரண்டான். அடித்தான். மஹய்யாவ மண்ணில் பந்து குத்திய சத்தம் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டது. இப்படி நடந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் பழக்கமில்லை. பிறகு கத்தரீனாதான் முதலில் கத்தினாள். அதன் பிறகு கத்தாதவர் சாமியார் ஒருவர்தான், அவரும் பப்பாசியை மறந்து கதிரை மேல் ஏறி நின்றார். இரண்டாம் ஆட்டம் பதினைந்துக்குப் பதினொன்று. மூன்றாவது பதினைந்துக்கு நாலு. கொழும்புப் பாக்குமரங்கள் கையை உயர்த்தி நின்றன. பந்து அவற்றுக்கு மேலால் வந்து காலடியில் குத்தியது.

வீரசிங்கம் இஞ்சித் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டார். கம்பத்தில் பழைய கயிற்றுத் தழும்பையும் புதிய முடிச்சையும் மாறிமாறிப் பார்த்தார். கொழும்புச் சங்கத்துக்குச் செயலாளராக வந்தவர் ஒன்றும் விளங்காத மோடனாக இருக்க மாட்டார்.

"ஓம் தம்பி," என்றார் கடைசியில். "போட்டி சித்திரையில இஞ்சதான்." மத்தியாசுக்குக் கண் கலங்கிவிட்டது. வீரசிங்கம் நாநா பக்கம் திரும்பினார். "அந்தக் கோலை எனக்குத் தருவியளோ?"

விருந்தாளி கேட்டு நாநா இல்லையென்று சொன்னதில்லை. கடையில் வேறு கோல் இருந்தது. வீரசிங்கம் அதைப் பத்திரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறினார். மத்தியாஸ் ஸ்டேசனில் நின்று கை காட்டினான், விரலைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், கோல் நீளம் என்று புளுகிய கதையை முழுதாகச் சொன்னான். சாமியார் சிரித்த சிரிப்பில் இருவருக்கும் நடுவில் இருந்த மறைப்புத் தட்டி அதிர்ந்தது. மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார், பப்பாசிக்கு ஒன்று சேர்த்து.

பத்து நாளில் மத்தியாசுக்கு வீரசிங்கத்தின் கடிதம் வந்தது. 'நாநாவின் கோலை அரசாங்க அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு அங்குலம், மயிரிழை பிசகில்லை. அப்படியானால் வலை எப்படி உயர்ந்தது? எங்கள் பையன்களையும் பழக்க வேண்டும். உண்மையை எழுதும்.'

மத்தியாஸ் அதை அக்குறணைக்குக் கொண்டுபோய் நாநாவுக்கு வாசித்துக் காட்டினான். நாநா ஒரு பெண்ணுக்குச் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார்.

"நான் சொன்னனே, கோல் சரியெண்டு."

"அந்த விரலு நாநா?"

"எந்த விரல்?" குனிந்து தம் கட்டைவிரலைப் பார்த்தார். அது துணியின் மேல் அழுந்திக் கிடந்தது. "இதா? இது அளவில்ல மகன். இது குடுக்கிறது." சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கியது. முகம் வாடிவிட்டது. "அப்ப நானா அந்தப் புள்ளயள நாலு வருஷமாப் பாடாப் படுத்தினது?"

"பாடாப் படுத்தல நாநா. நீங்கதான் ஆளாக்கிவிட்டீங்க," என்றான் மத்தியாஸ். அதில் ஓர் எழுத்துக்கூடப் புளுகில்லை.

கடை மேசையிலேயே உட்கார்ந்து பதில் எழுதினான். 'ஐயா அவர்களுக்கு, கோல் சரிதான். கண்டிப் பக்கத்தில் அளக்கும்போது கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வழக்கம்.' அதுவும் உண்மை. கேட்டதற்கு உண்மையைச் சொல்லியாயிற்று, எவ்வளவு கூட்டி என்று அவர் கேட்கவில்லையே. உறையை ஒட்டினான்.

"நாநா, வர்ற ஞாயித்துக்கிழம திடலுக்கு வரணும். பழகுற வலைய திரும்ப அளந்து கட்டணும். சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் இருக்கு."

"இந்த முற சரியா அளக்கோணுமா?"

"ஒங்க கணக்குக்குச் சரியா."

ஞாயிற்றுக்கிழமை நாநா வந்தார். புதிய கோலைக் கம்பத்தில் வைத்தார். கோல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினார். சுற்றி நின்ற பையன்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடுத்த கையின் கட்டைவிரலையும் எடுத்து, அதற்கு மேலே ஒட்டி வைத்தார்.

"ஒரு கெஜம்," என்று சத்தமாக எண்ணினார்.