இறக்கச் சொல்ல ஒரு வாய்

இது நடந்தது எண்பத்து மூன்றிலா நான்கிலா என்று எனக்கு நிச்சயமில்லை. பேசியவற்றில் சில வார்த்தைகள் மாறியும் இருக்கலாம். எல்லப்பனின் களைப்பில் மட்டும் சந்தேகமில்லை.

ஸ்ரீபெரும்புதூர் சாலையோரம் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் அவனுக்கு வாய்தான் வேலை. சங்கிலியில் தொங்கும் இயந்திரத்தை ஏற்ற ‘அப்’, இறக்க ‘டவுன்’. சங்கிலி பிடிக்கும் பாபு வேறு யார் குரலுக்கும் அசையக் கூடாது. அதுதான் அங்கே கட்டுப்பாடு. அந்தச் சொல் வீடுவரை வந்துவிட்டது. சோற்றுப்பானையை டவுன் பண்ணச் சொல்வான். மகளுக்குக் காய்ச்சல் டவுனா என்று கேட்பான்.

“தொர வந்துட்டாரு,” என்பாள் பெண்டாட்டி சின்னப்பொண்ணு.

அன்று அவனுக்குத் தொடர்ந்து மூன்றாவது ஷிப்ட். மதியம். இயந்திரம் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. தங்கை சரோஜாவின் புருஷன் பலராமன் படுத்தபடி, அது சமமாக உட்கார அடியில் தகடு சொருகிக்கொண்டிருந்தான். முடித்ததும் இரண்டு கைகளையும் வெளியே காட்ட வேண்டும். ஒரு கைதான் தெரிந்தது. மற்றது இப்போது பார்த்ததா, நேற்றுப் பார்த்ததா என்று எல்லப்பனுக்குப் பிடிபடவில்லை. கண் எரிந்தது.

“மாப்ளே, கை!”

ஜெனரேட்டர் இரைச்சலில் அது போய்ச் சேரவில்லை. சூப்பர்வைசர் வரதராஜுலு வந்துவிட்டார்.

“இன்னாய்யா, வாயில கொழுக்கட்டையா? டவுன் சொல்லு.”

“இன்னொரு கை தெரியல சார்.”

“பாபு, நான் சொல்றேன். டவுன்!”

பாபு நகரவில்லை. “எல்லப்பண்ணன் சொல்லணும் சார்.”

“சொல்றியா, இல்ல கேட்டைப் பாத்து நடக்கிறியா?”

சொல்லிவிட்டால் வேலை போகாது, போய்த் தூங்கலாம். எல்லப்பன் வாயைத் திறக்கவில்லை.

அடியிலிருந்து இரண்டாவது கை மெல்ல வந்தது, விரல்களில் ஒரு தகட்டோடு. பின்னாலேயே பலராமன் முழுதாகப் புரண்டு வெளியே வந்தான்.

“உள்ள பூட்ச்சி, தேடிக்கினு இருந்தேன். இன்னா எல்லாரும் மொறைக்கிறீங்க?”

“டவுன்,” என்றான் எல்லப்பன். இயந்திரம் தரையில் உட்கார்ந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். வரதராஜுலு கூப்பிடவில்லை.

“இன்னா, இந்நேரத்துல?” என்றாள் சின்னப்பொண்ணு.

அவன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். “எறங்கிடுச்சி,” என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டான்.

வரதராஜுலு மறு வருஷம் மாற்றலாகிப் போனார். பாபு மஸ்கட் போனான். பலராமனுக்கு அங்கேயே வேலை நிரந்தரமாயிற்று. பத்து விரலோடு ஓய்வு பெற்றான். எல்லப்பன் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மரவாடிக்குக் காவல் இருந்தான். எதற்காக வேலை போனது என்று பலராமன் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.