இரண்டாவது தடவை

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை எந்தக் கொம்பனும் கரண்ட் கொடுக்க முடியாது. நல்ல விதிதான். அதைக் கெடுத்தது நானும் என் அக்காவின் கணவரும்.

மாமா அங்கே ஃபிட்டர். வேலையில் புலி, மறதியில் மன்னன். இரண்டு முறை பூட்டைக் கழற்றாமல் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். உற்பத்தி நின்றது, மேனேஜர் குதித்தார். மாமாவுக்கு மெமோ வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரீஷியனான நானே எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி வெட்டி வந்து என் டிராயரில் போட்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி!

அந்தத் திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து அரை மணி நேரமாகியும் கலவை இயந்திரத்தின் சுவிட்சில் மாமாவின் பூட்டு தொங்கியது. போன் செய்தேன், எடுக்கவில்லை.

"உங்க மாமா திரும்பவும் கிளம்பிட்டாருப்பா," என்று மேனேஜர் சிரித்தார்.

இயந்திரம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. நடந்தால் மூன்று நிமிடம். நான் நடக்கவில்லை. பேனல் ரூமிலேயே பூட்டைத் திறந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.

மீட்டர் முள் எகிறியது. ஓவர்லோடு ரிலே மோட்டாரை நிறுத்திவிட்டது. உள்ளே ஏதாவது சிக்கினால் அப்படித்தான் நிற்கும். காய்ந்த சோப்புக் கட்டி என்று நினைத்தேன். ரிலே ஆறியதும் ரீசெட் செய்து மறுபடி அழுத்தினேன். இந்த முறை சுற்றியது.

அடுத்த ஷிப்ட் ஆள் அலறிக்கொண்டு ஓடி வந்தார். மாமாவின் போன் லாக்கரில் இருந்தது. மீதிக் கட்டியையும் சுரண்டிவிட்டுப் போகலாம் என்று அவர் உள்ளேயே இருந்திருக்கிறார்.

"ரிப்போர்ட்ல நீ பட்டனை ஒரு தடவை அழுத்தினதாவே எழுதியிருக்கேன்," என்றார் மேனேஜர். "உங்க அக்காவாவது நிம்மதியா இருக்கட்டும்."

நொடியில் போய்விட்டார் என்று எல்லோரும் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். பூட்டைத் திறந்தது நான் என்று தெரிந்தும் என்னை வீட்டுக்குள் விடுகிறாள். ஆனால் நாளை விசாரணை. அங்கே நான் பொய் சொல்லப் போவதில்லை. அவள் அதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது.

அக்கா மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பட்டனை நான் ரெண்டு தடவை அழுத்தினேன்."

"மொத தடவையே போயிருப்பாருல்ல?"

"தெரியல. மொதல்ல கால் மட்டும் மாட்டியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "நடுவுல எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். ரிலே சூடு ஆறணும்."

"ரெண்டு நிமிஷமும் கத்தியிருப்பாரேடா. நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"பூட்டை மறந்துட்டுப் போயிட்டாருன்னு அவரைத் திட்டிட்டு நின்னேன்."