முன்னறைப் படுக்கை

...இல்லை, இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், இந்த டின் வேலை முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தம்பி வீட்டிலிருந்து வேன் வந்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி என்ன, அக்காவின் கட்டில், தையல் மெஷின், இரண்டு பெட்டி எல்லாம் ஏறிவிடும், அக்காவும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே போய்விடுவாள். சுடுதண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்தேன், லேபிள் ஊறிப்போய் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. இந்த வீட்டை விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் குடிபோகப்போகிற பாய்மரப் படகுக்கான டின்களில் காகிதம் இருக்கக்கூடாதாம், ஈரத்தில் உரிந்து படகின் அடியில் போய்ச் சேர்ந்து, தண்ணீரை வெளியே இறைக்கிற பம்பை அடைத்துவிடுமாம், இவர் சொன்னது, பதினோரு வருடமாகப் படகைத் தவிர வேறெதையும் படிக்காதவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் நான் உரிப்பது, துடைப்பது, அக்கா மூடியில் அழியாத மையால் எழுதுவது, நேற்றிலிருந்து சமையலறை மேசையில் இதே வேலைதான். முப்பது வருடம் மருந்துக்கடையில் சீட்டு எழுதிய கை அவளுடையது, ‘பட்டாணி’ என்று எழுதி, தேதி போட்டு, அடியில் ஒரு கோடு இழுக்கிறாள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும்தான் எழுதவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது... படகில் இடம் இருக்கிறது அக்கா. அவ்வளவுதான், மென்று முழுங்க ஒன்றுமில்லை, ஆனால் எட்டு மாதமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் படகுத்துறைப் பட்டறையில் படகைத் தாங்குகட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள், இவர் அதன் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துப் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் நீலத் தூள், அப்படியே படுத்தபடிதான் சொன்னார், “முன்னறையில ஒரு படுக்கை இருக்கே, அக்கா வரேன்னா வரட்டுமே, எனக்கு ஒண்ணும் இல்ல, நீயே கேட்டுப் பாரு.” பெருந்தன்மை என்றெல்லாம் இல்லை, ஒரு ஆணி கூடுதலாகக் கிடக்கிறது, எங்காவது அடித்துக்கொள் என்பதுபோலத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் கேட்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன், நிஜமாகத்தான். கதவைத் திறந்தால் அக்கா ஹாலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள், காலையில் நான் மடித்து வைத்துவிட்டுப் போன துண்டுகள், ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, மூன்றாக மடித்து... நான் நான்காக மடிப்பேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “படகுல ரெண்டு பேருக்குத்தான் இடம் அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

அப்படியா, சரி என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள். அழுதிருந்தால், கோபித்திருந்தால், ஏன்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் உடைந்திருக்கும். சரி என்ற ஒரு சொல்லைப் பூட்டுப்போல மாட்டிவிட்டாள். சாயங்காலம் இவர் வந்து கேட்டபோது, வரமாட்டாளாம், தண்ணீர் என்றால் பயமாம் என்றேன். யாருக்கு, அக்காவுக்கா... வாரத்தில் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்குப் போய் நாற்பது சுற்று நீந்திவிட்டு, ஈரத் தலையோடு பஸ் ஏறி வருகிறவளுக்கா? இவர் பாவம், ஓ என்றார், அப்படியே நம்பிவிட்டார், குளிக்கும் அறையில் பத்தொன்பது வருடமாகத் தொங்குகிற அந்தக் கறுப்பு நீச்சல் உடையை யாருடையது என்று நினைத்திருப்பாரோ தெரியாது. ஒரு பொய் அந்தப் பக்கம், ஒரு பொய் இந்தப் பக்கம், நடுவில் நான் மட்டும் எல்லாம் தெரிந்தவளாக இருந்தேன்.

“என்னடி, தூங்குறியா, தண்ணி ஆறிடப் போகுது.” இதோ, இதுதான் அக்கா. நான் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கை நிற்கவில்லை, இருந்தாலும் மனசு எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது இரண்டு வாரத்துக்கு என்று ஒரே ஒரு பையோடு வந்தவள், பத்தொன்பது வருடமாகிறது, அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஜோக். அவளுக்கென்று யாரும் இல்லை, எங்களுக்குக் குழந்தை இல்லை, வீட்டில் அறை இருந்தது, தங்கிவிட்டாள். மோசமானவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்... அப்படி ஒன்றும் இல்லையே, எனக்குக் காபி வேண்டுமா என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் காபி வந்துவிடும், டாக்டர் என்னைக் கேட்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிடுவாள், அந்தப் பதிலும் சரியாகவே இருந்து தொலைக்கும். ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு ஆசை, நான் மடித்த துண்டு நான் மடித்தபடியே இருக்கிற ஒரு இடம் வேண்டும், முப்பத்தாறு அடி நீளமாக இருந்தாலும் போதும், ஆடிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை. இதைச் சொல்லியிருக்கலாம், அக்கா, கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கிறோம் என்று மனுஷிபோல நேரில் சொல்லியிருக்கலாம், வருத்தப்பட்டிருப்பாள், பிறகு புரிந்துகொண்டிருப்பாள்... நான் படகைச் சின்னதாக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. படகு சாயும்போது தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்கப் படுக்கையோரம் கட்டுகிற தடுப்புத் துணி, ஜன்னல் திரைகள், சுவரில் மாட்ட இருபத்துநான்கு பை வைத்த நீளத் துணி, இதில் மூக்குக் கண்ணாடி, இதில் டார்ச், இதில் உன் மாத்திரை என்று ஒவ்வொரு பையையும் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எல்லாமே நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்த அளவுக்குத் தைத்தவை, படகை அவள் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை, பட்டறையில் இருந்தவரை பன்னிரண்டு படி ஏணி, அவள் முழங்காலுக்கு ஆகாது. போன வாரம் தண்ணீரில் இறக்கிக் கரையோடு கட்டியாகிவிட்டது, இப்போது ஒரு பலகையைத் தாண்டினால் போதும், வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள், பெயின்ட் இன்னும் காயவில்லை என்றேன். எங்கள் இரண்டு படுக்கைக்கும் மெத்தை உறை தைத்தாயிற்று, முன்னறை மெத்தைக்கு மட்டும் அளவு கொடுக்கவே இல்லை, முன்னறையில் கயிறும் பாய்மரப் பாயும்தான் அடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன், அந்த மெத்தை கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக்கோடு அப்படியே கிடக்கிறது. அளவு எனக்கு மனப்பாடம், ஆறரை அடி நீளம், தோள் பக்கம் நான்கடி அகலம், தலைக்கு நேர் மேலே திறக்கிற கண்ணாடிக் கதவு, படுத்தால் வானம் தெரியும். தம்பி வீட்டு அறையையும் இதே டேப்பை வைத்துத்தான் அளந்தேன், கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், மூலையில் வாஷிங் மெஷின், “துணி போடறதுக்கு மட்டும்தான் நாங்க உள்ள வருவோம், அக்காவுக்குத் தொந்தரவு இருக்காது” என்று தம்பி மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்து, நல்ல வெளிச்சமான ரூம் அக்கா என்றேன். வெளிச்சம் வருவது உண்மை.

“ஐயையோ, என்னடி பண்ணி வெச்சிருக்க.” குனிந்து பார்த்தேன், மேசையில் பத்து டின்கள் மொட்டை மொட்டையாக நிற்கின்றன, லேபிள்கள் எல்லாம் தொட்டியில் ஒரே கூழ். ஒன்றை உரித்ததும் அவளிடம் கொடுத்துவிட வேண்டும், எழுதின பிறகுதான் அடுத்தது, அதுதான் அவள் போட்ட சட்டம், நான் யோசனையில் பத்தையும் உரித்துத் துடைத்துப் பளபளவென்று வரிசையாக வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம், எது மீன், எது அன்னாசி, யாருக்குத் தெரியும். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டின்னைத் தூக்கிக் காதோடு வைத்து மெதுவாக ஆட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு. “பட்டாணி. தண்ணியோட சேந்து ஓடுது பாரு.” இன்னொன்று. “இது மீன், சத்தமே வராது, இடைவெளி இல்லாம அடைச்சிருப்பான். அன்னாசி ஒரே ஒரு தடவ தொப்புனு விழும். இந்தா, காதுகிட்ட வெச்சுக் கேளு.” கேட்டேன். தக்காளி என்றேன். “மக்காச்சோளம். இன்னொரு தடவ கேளு. நாளைக்கு அங்க நான் இருக்க மாட்டேன், மாப்பிள்ளைக்கு மீன் குழம்புன்னு சொல்லி அன்னாசியில மிளகாய்ப்பொடி போட்டு வெக்காத.” சிரித்தாள், நானும் சிரித்தேன். இப்போது சொல், இதைவிட நல்ல நேரம் வராது, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டில் யாரும் இல்லை... அக்கா, என்றேன். என்ன என்றாள். இன்னொரு டின்னை ஆட்டிப் பார்த்து, இது தக்காளிதானே என்றேன். ஆமாம், அது தக்காளி என்று சந்தோஷமாக எழுதினாள்.

வாசலில் சத்தம், இவர் வந்துவிட்டார், கையெல்லாம் கிரீஸ், கடைசிப் பெட்டிகளை எடுத்துப் போக வந்திருக்கிறார், நாளை மறுநாள் கிளம்புகிறோம் என்பதால் நடையே மாறிவிட்டது, வீட்டுக்குள்கூடக் காலை அகட்டி வைத்து நடக்கிறார். “இதெல்லாம் எங்க வெப்பீங்க மாப்பிள்ளை, தரைப் பலகைக்கு அடியிலதானே?” என்று அக்கா கேட்டாள், சும்மா, ஒரு பேச்சுக்கு, எழுதிக்கொண்டே. “தரைக்கு அடியில நிறைஞ்சுபோச்சு அக்கா. மிச்சத்த முன்னறைப் படுக்கையில அடுக்கிடலாம், அது காலியாத்தான கிடக்கு.” நான் இருமினேன், எழுந்தேன், சோப்பு எங்கே என்று கேட்டேன், இவர் காதில் எதுவும் விழவில்லை, படகைப் பற்றி ஒருத்தர் கேட்டுவிட்டால் போதுமே. “அங்க கயிறும் பாயும்தான வெக்கப் போறீங்க?” என்றாள் அக்கா. “அதுக்குத் தனியா இடம் இருக்கு. இது ஆள் படுக்கிற இடம் அக்கா, நல்லா கால நீட்டிப் படுக்கலாம். நீங்க வந்திருந்தா உங்களுக்குத்தான் அது. நீங்கதான் தண்ணின்னா பயம், வரமாட்டேன்னுட்டீங்களே.”

அக்கா எழுதிக்கொண்டிருந்த தேதியை முடித்தாள். கோடு இழுத்தாள், அது எப்போதும்போல நேராகவே இருந்தது. பேனா மூடியைப் போட்டாள். என்னைப் பார்ப்பாள், இதோ பார்க்கப்போகிறாள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் இவரைத்தான் பார்த்தாள்.

“ஆமா மாப்பிள்ளை, எனக்குத் தண்ணின்னா பயம்.”

“பழகினா போயிடும்” என்றார் இவர், பெட்டியைத் தூக்கினார். “கனமானத அடியில வைங்க” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள் அக்கா, வழக்கமான குரலில். கதவு சாத்திக்கொண்டது. ஃப்ரிட்ஜைக் காலிசெய்து அணைத்துவிட்டதால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா திரும்பவும் பேனாவைத் திறந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, இப்போதாவது கேட்கலாம், தம்பிக்கு ஒரு போன் போதும், வேன் வேண்டாம் என்று, உறை தைக்கக்கூட வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டு ஒரு போர்வையை விரித்தால் ஆயிற்று. வாயைத் திறந்தேன், என்ன வரப்போகிறது என்று எனக்குள்ளேயே பார்த்தேன்... அக்கா, நான் வேணும்னு பண்ணல, அன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, அவர் அரைகுறையாக் கேட்டுட்டுச் சொல்றார், உன் முழங்காலுக்குத்தான் நான் யோசிச்சேன்... ஒன்றன்பின் ஒன்றாக விளக்கங்கள்தான் வந்து நின்றன. நானும் தேடித்தான் பார்த்தேன், ‘வா’ என்ற சொல் அவற்றில் எங்குமே இல்லை. அக்கா அடுத்த டின்னுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், நான் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.