முள் இறங்காத தராசு

மோதிரம் மாவுக்குள் போய்விட்டது.

எப்போது போனது, எந்த உருண்டைக்குள் போனது, ஒன்றும் தெரியவில்லை. நீண்ட மேசை முழுக்க வெட்டி உருட்டிய மாவு, அடுப்புக்குப் போக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தது. மாவு பிசைகிற மாவக்கா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோதிரம் கிடந்த இடத்தில் வெளுத்துப்போன ஒரு வளையம் மட்டும் இருந்தது. அம்மா போட்டுவிட்ட மோதிரம் அது. போட்ட நாளிலிருந்து கழன்றதே இல்லை. சோப்பு போட்டு இழுத்தாயிற்று, எண்ணெய் தடவி இழுத்தாயிற்று, நூல் சுற்றியும் பார்த்தாயிற்று. ரொட்டிக்கடை முதலாளியம்மாகூட, "கழட்ட முடியாத மோதிரத்தை என்ன பண்றது, நல்லாத் தேச்சுக் கழுவு" என்று சொல்லி விட்டுவிட்டார்.

"அண்ணே, தட்டை உள்ள தள்ளாதீங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுப்பண்ணன் நீளக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கிற மனிதர். யாராவது கத்தினால் முதலில் தீயைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்.

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாகப் பிய்த்துப் பிசைந்து தேடினார்கள். முதலாளியம்மா வருவதற்குள் கிடைக்க வேண்டுமே என்ற பதைப்பு வேறு. ரொட்டியைக் கடித்து எவராவது பல்லை உடைத்துக்கொண்டால் கடைக்குப் பூட்டுதான். அடுப்பண்ணன் கையில்தான் கடைசியில் சிக்கியது. மாவு பூசிக்கொண்டு அப்பாவி மாதிரி வெளியே வந்த மோதிரத்தைத் துடைத்து நீட்டினார்.

"எப்படிம்மா விழுந்துச்சு? இது கழலாதுன்னு ஊருக்கே தெரியுமே."

"அதான் எனக்கும் புரியல."

வாங்கி மாட்டிக்கொண்டாள். கையைக் கீழே தொங்கவிட்டதும் மறுபடியும் நழுவி உள்ளங்கைக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்குள் என்னவோ துள்ளியது. எடை இறங்காதவளுக்கு விரல் மட்டும் எப்படி இளைக்கும்?

அவளுக்கு எடை இறங்கியே ஆக வேண்டும். அழகுக்காக இல்லை. அழகைப் பற்றிக் கவலைப்படுகிற வயதில் கவலைப்பட நேரமில்லாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அவள். தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் மருத்துவமனையில் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறான். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது என்று சோதனையில் தெரிந்த அன்று அவள் மருத்துவமனை வராந்தாவிலேயே கைதட்டிவிட்டாள். ஆனால் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க மாட்டேன். எண்பதுக்குக் கீழ வாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வந்தா ஆபரேஷன். இல்லன்னா அவர் பேர் பொது வரிசைக்குப் போயிடும். அதுல எப்ப முறை வரும்னு நான் சொல்ல முடியாது."

தொண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் எடை மளமளவென்று இறங்கியது. ரொட்டி வாசத்துக்கு நடுவிலேயே நின்றுகொண்டு வெள்ளரிக்காயையும் அவித்த முட்டையையும் தின்றாள். பேருந்தை விட்டுவிட்டு நடந்தாள். எண்பத்து மூன்றுக்கு வந்ததும் தராசின் முள் நின்றது. நின்றது என்றால் ஆணி அடித்த மாதிரி நின்றது. சாப்பாட்டை இன்னும் குறைத்தாள், எண்பத்து மூன்று. நடையை ஓட்டமாக்கினாள், எண்பத்து மூன்று. நகம் வெட்டிவிட்டு ஏறினாள், மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏறினாள், ஒற்றைக் காலில்கூட நின்று பார்த்தாள். தராசிடம் கெஞ்சினாள், திட்டினாள். ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உடம்பு என்பது ஒரு கட்டத்துக்கு மேல் அடம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள் என்று மருத்துவமனை நர்ஸ் சொன்னாள். பொறுமை அவளிடம் கொள்ளையாக இருந்தது. மாசம்தான் முடிந்துகொண்டிருந்தது.

வேறு தராசில் ஏறிப் பார்க்கலாமே என்று யாரும் கேட்கலாம். அதற்குத் தடை போட்டிருந்தவன் தம்பி. தராசு விஷயத்தில் அவன் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். ஏனென்றால் அவன் தொழிலே அதுதான். கடைத் தராசுகளைப் பழுது பார்த்து, எடை சரியா என்று சோதித்து, கம்பி கோத்து ஈய முத்திரை வைக்கிறவன். 'தராசு' என்றுதான் சந்தையில் அவனைக் கூப்பிடுவார்கள். "ஒவ்வொரு தராசும் ஒவ்வொரு பேச்சு பேசும்க்கா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஏறிக் குழம்பாத. ஒரே தராசு, ஒரே இடம். அதுல இறங்கினாதான் கணக்கு" என்று சொல்லி, முள் ஓடுகிற பழைய தராசு ஒன்றை அவனே துடைத்துக் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய் எண்ணெய் போட்டுக் கொண்டுவருவான். உடம்பு முடியாதவன் தனக்காக இவ்வளவு பாடுபடுகிறானே என்று அவள் ஒவ்வொரு தடவையும் உருகிப்போவாள்.

இப்போது அவள் கண் கடையின் மூலைக்குப் போனது. மாவு மூட்டை நிறுக்கிற தரைத்தராசு அங்கே கிடந்தது. அதில் தொங்கிய ஈய முத்திரை தம்பி வைத்ததுதான். விறுவிறுவென்று போய் ஏறி நின்றாள், காலில் ஷூ, இடுப்பில் ஏப்ரன், பையில் சாவிக்கொத்தோடு.

"அண்ணே, என்ன காட்டுது?"

அடுப்பண்ணன் குனிந்தார். "எண்பது. ஒரு முடி மேல."

"நல்லாப் பாருங்க!"

"நல்லாத்தாம்மா பாக்கறேன்."

ஷூவை ஒரு பக்கம் உதறினாள், ஏப்ரனை ஒரு பக்கம் எறிந்தாள். சாவி, செல்போன், மோதிரம் எல்லாம் மேசைக்குப் போயின. மறுபடி ஏறினாள். அடுப்பண்ணன் இந்தத் தடவை உட்கார்ந்தே பார்த்தார். பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எழுபத்தொம்போதுகூட இல்லம்மா. கொஞ்சம் கம்மி."

அவள் அலறிய அலறலில் தெருவில் போன ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பண்ணனின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த மனிதர் கரண்டியை விடாமலே சுற்றினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முடிந்துவிட்டது, இறங்கிவிட்டது, மாசம் இன்னும் மிச்சமிருக்கிறது!

"அப்ப உங்க வீட்டுத் தராசுதான் புளுகுது" என்றார் அடுப்பண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அது எப்படிண்ணே புளுகும்? வாராவாரம் என் தம்பி பாக்கற..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

மேசையில் கிடந்ததை அள்ளி, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். ஓட ஓட, கால் தரையில் பாவாத சந்தோஷமும், அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்ற ஆத்திரமும் மாறி மாறி வந்தன. அவன் வீட்டில் இல்லை. அவனுடைய அறையில் கட்டிலுக்குக் கீழே சோதனைக்கல் பெட்டி இருந்தது. இருபது கிலோ இரும்புக்கல் இரண்டை, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மாவு பிசைந்த கை, அவளுக்கு அது ஒரு பாரமா? காலியாக இருந்த தராசில் முள் பூஜ்யத்தில் சமர்த்தாக நின்றது. கல் இரண்டையும் வைத்தாள். முள் நாற்பதைத் தாண்டிப் போய் நின்றது.

வாசல் கதவு திறந்தது. மருத்துவமனையிலிருந்து வந்தவன், ஊசி குத்திய கையில் கட்டோடு சமையலறை வாசலில் நின்றான். அக்காவைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். முழி திருட்டு முழியாகிவிட்டது.

"இது எத்தனை கிலோடா?"

"நாப்பது."

"உன் தராசு என்ன சொல்லுது?"

"நாப்பத்திரெண்டு."

"அங்கருந்தே பாக்காம சொல்றியே."

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சந்தையில் எத்தனையோ கடைக்காரர்கள் தராசை ஒரு நூல் நகர்த்தித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவனுக்கும் அவன் செய்து கொடுத்ததில்லை. அந்தக் கைதான் ஞாயிறுதோறும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அவள் இறங்க இறங்க உள்ளே இருந்த நெம்புகோலை நகர்த்திவைத்திருக்கிறது.

"வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்? நீ பாத்திரம் கழுவிக்கிட்டே 'சரி சரி'ன்ன. அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டு நடக்கப் போயிட்ட."

அது உண்மைதான். அவள் அப்படித்தான்.

"நல்லா இருக்கற உடம்புக்கா. எனக்காக அதைக் கிழிச்சு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்? மாசம் முடிஞ்சா நீயா விட்டுடுவேன்னு நெனச்சேன். நான் மெஷினோட ஓட்டிக்குவேன்."

"எவ்ளோ நாளு ஓட்டுவ?"

அவன் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டான்.

"நான் தோத்துட்டேன்னு நெனச்சேன்டா" என்றாள். "இந்த உடம்பு எனக்குத் துரோகம் பண்ணுதுன்னு அதை எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா? பாவம், அது நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஒழுங்கா இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. நீ நடுவுல உக்காந்து மறைச்சிருக்க."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும் இருக்கு. ஆனா இன்னிக்கு அதைவிடச் சந்தோஷமா இருக்கு. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்த, தொலைச்சுடுவேன். எடு ஸ்க்ரூடிரைவரை."

சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தராசைக் கவிழ்த்து, அடிமூடியைத் திறந்தான். திறந்து உள்ளே பார்த்ததும் அவன் கை தொழில்காரன் கையாகிவிட்டது. நெம்புகோலைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். கல்லை வைத்தான், நாற்பது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான், நாற்பது. மூன்று தடவை பார்க்காமல் எந்தத் தராசையும் அவன் கையைவிட்டு அனுப்புவதில்லை. மூன்றாம் தடவையும் நாற்பதே காட்டியது. அப்புறம், யாரும் கேட்காமலே, பையிலிருந்து கம்பியையும் ஈயத்தையும் எடுத்துக் கோத்து, குறடால் நசுக்கி முத்திரை வைத்தான். வீட்டுத் தராசுக்கு யாரும் முத்திரை வைப்பதில்லை.

"ஏறு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் செல்போனையும் சாவியையும் எடுத்து அவனிடம் கொடுத்தாள். மோதிரத்தையும் கொடுத்தாள். "ஆபரேஷனுக்கு முன்னால அறுத்துத்தான் எடுக்கணும்னாங்களே, அது தானா வந்துடுச்சு பாரு." அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஏறினாள். அவன் எண்ணைச் சொன்னான். இறங்கி மறுபடி ஏறினாள். அதே எண்ணைக் கொஞ்சம் தெளிவாகச் சொன்னான்.

"மூணாவது" என்றாள். பாதத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறி நின்றாள். டாக்டரம்மாவுக்கு இப்போதே போன் போட வேண்டும், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து எண் வரவே இல்லை.

குனிந்து பார்த்தாள். முள் எண்பதைத் தாண்டி நின்று துடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய வலது கை அவள் பாதத்துக்குப் பக்கத்தில், தராசுப் பலகையின் மேல், அழுந்திக் கிடந்தது. தெரிந்து வைத்தானா தெரியாமல் வைத்தானா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

"கையை எடுடா."

அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். முதலில் சுண்டுவிரலை எடுத்தான், அப்புறம் அதற்கடுத்த விரலை. முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.