வசதியான நாளில் வாருங்கள்

வீட்டில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வயதில் திறந்த வாய் அதன் பிறகு மூடவே இல்லை என்பது அம்மாவின் புகார். அப்படிப்பட்டவள் பள்ளியை முடித்துவிட்டு, பயன்பாட்டுத் தகவல்தொடர்பில் பட்டப்படிப்பு சேரப்போகிறேன் என்று வந்து நின்றால் வீடு சிரிக்காமல் என்ன செய்யும்? அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். படிப்பு என்றால் அதை வைத்து ஏதாவது ஒன்று மேலே போகவேண்டும், கீழே வரவேண்டும் என்று நினைப்பவர். பேசுவதற்கு மூன்று வருடப் படிப்பா, இவளுக்குப் பேசாமல் இருக்க யாராவது சொல்லிக்கொடுத்தால் நானே பணம் கட்டுகிறேன் என்றார்.

அவள் பக்கம் நின்றது சித்தி மட்டும்தான். அம்மாவின் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருப்பவள். ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கிய உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைப்பது அவள் வேலை. வாங்க வந்தவர் ஒன்று சொல்கிறார், கவுண்டரில் இருப்பவர் ஒன்று எழுதுகிறார், கடைசியில் நான் ஒன்று தைக்கிறேன், நடுவில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த ஒரே ஒரு ஆள் இருந்தால் பாதிச் சண்டை வராது மாமா, என்று அப்பாவிடம் பேசிப் பேசியே அவரைக் கரைத்தாள். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார்.

ரேடியோவுக்குப் படிப்பு பிடித்துப்போனது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை யார் படிக்கிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள், ஒரு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு ஜனங்கள் ஏன் வழி கேட்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கே பாடமாக நடத்தினார்கள். அவள் நாள் முழுவதும் பேருந்து நிறுத்தங்களிலும் வங்கி வாசல்களிலும் நின்று, மனிதர்கள் படிப்பதை வேடிக்கை பார்த்தாள். அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். அப்பாவால் இதை நம்பவே முடியவில்லை.

மூன்றாம் வருடத்தில் ஆளுக்கொரு நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய நிஜமான சிக்கல் ஒன்றைத் தீர்த்துக் கொடுக்கவேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனையின் மார்பகப் பரிசோதனைப் பிரிவு. அங்கே படம் எடுத்துக்கொண்ட பெண்களில் சிலருக்கு, படத்தில் ஏதோ தெளிவில்லை, இன்னொரு முறை வாருங்கள் என்று கடிதம் போகும். பழைய கடிதத்தைப் பார்த்து ரேடியோ மிரண்டுவிட்டாள். ‘தங்கள் பரிசோதனையில் சந்தேகத்திற்குரிய மாற்றம் காணப்படுவதால் உடனடியாக நேரில் வருமாறு அறிவுறுத்தப்படுகிறது.’ அவ்வளவுதான் கடிதம். கோர்ட்டிலிருந்து வந்ததுபோல் இருந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு பெண் சமையலறையிலேயே மயங்கி விழுந்தாள் என்றும், அப்படிக் கடிதம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைசியில் ஒன்றுமே இருப்பதில்லை என்றும் பிரிவின் பொறுப்பாளர் அம்மா சொன்னார்.

ரேடியோ இரண்டு மாதம் அந்தக் கடிதத்தோடு குடித்தனம் நடத்தினாள். பதினோரு தடவை திருத்தினாள். முதல் வரியிலேயே, பயப்பட வேண்டியதில்லை என்று வந்தது. பெரும்பாலானோருக்கு எந்தப் பிரச்சினையும் இருப்பதில்லை என்று அடுத்த வரி. கடைசியில், உங்களுக்கு வசதியான நாளில் வாருங்கள், உங்களுக்காகக் காத்திருப்போம் என்று முடித்தாள். பிறகு காத்திருப்புக் கூடத்தில் இருபத்துநான்கு பெண்களிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேள்விகள் கேட்டாள். புரிந்ததா? மரியாதையாக இருந்ததா? படித்ததும் மனம் எப்படி இருந்தது? எல்லோரும் பாராட்டை வாரிவாரிக் கொடுத்தார்கள். ஒருத்தி, எனக்கு யாரும் இவ்வளவு அன்பாக எழுதியதே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மருத்துவமனை அந்தக் கடிதத்தை அப்படியே பயன்படுத்த ஆரம்பித்தது. பட்டம் வாங்கிய கையோடு இங்கேயே வேலைக்கு வந்துவிடு என்று பொறுப்பாளர் அம்மா சொல்லிவைத்தார். ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இறுதி மதிப்பீட்டில் ஆசிரியர்கள் முன்னால் பேசவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அந்த நாளுக்காக ஒரு கோட்டு வாங்கினாள். அதன் கை இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். சித்தியைவிட்டால் வேறு யார்? ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிகள் திறக்கும் நேரம். வீடு முழுக்கக் கடையிலிருந்து கொண்டுவந்த சீருடைகள் குவிந்து கிடந்தன. சித்தி வாயில் குண்டூசிகளோடு கோட்டின் கையை மடித்துப் பார்த்துவிட்டு, ஊசிகளை எடுத்து மெத்தைத்துண்டில் குத்திவைத்துவிட்டுச் சிரித்தாள். உனக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று அளவுநோட்டைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் கலையாமல், சித்தியின் பெயருக்கே வந்த அந்தக் கடிதம் இருந்தது.

"இது நீ எழுதினதுதானே? அன்னைக்கு வந்து படிச்சுக் காட்டினியே, அதேதான். பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. கடையில எல்லார்கிட்டயும் காட்டினேன், எங்க அக்கா பொண்ணு எழுதினதுன்னு."

ரேடியோ தேதியைப் பார்த்தாள். ஒன்பது வாரம் ஆகியிருந்தது. போனியா சித்தி என்று கேட்டாள்.

சித்தி கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, இந்தச் சீருடைத் தொல்லை முடியட்டும், வசதியான நாளில்தானே வரச்சொல்லி எழுதியிருக்கிறாய், எனக்கு வசதி என்றால் அடுத்த மாதம்தான் என்றாள். குரலில் ஒரு கவலையும் இல்லை. அவள் கவலைப்படக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பதினோரு திருத்தமும்.

இருபத்துநான்கு பேரிடம் மனம் எப்படி இருந்தது என்று கேட்டவள், இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், எந்தத் தேதியில் செய்வீர்கள் என்று ஒருத்தியிடம்கூடக் கேட்கவில்லை. முதல் வருடத்தின் முதல் வாரத்தில் நடத்திய பாடம் அது. கேட்கவேண்டியதை விட்டுவிட்டு, தான் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டிருக்கிறாள். பாராட்டு வாங்கப் போனவளுக்குப் பாராட்டு கிடைத்தது, வேறென்ன கிடைக்கும்?

இப்போது சொல்லவேண்டும். மூன்று வருடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் படித்தாள். இருந்தும் சுற்றி வளைத்து எதையோ ஆரம்பித்தாள். சித்தி கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு பாதிக் காதோடு கேட்டாள். ரேடியோ எழுந்துபோய்த் தையல் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள்.

"சித்தி, படத்துல ஏதோ தெரியுது. அது புத்துநோயா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும். இதுக்கே ஒன்பது வாரம் போயிடுச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. மடியில் கிடந்த கோட்டை மெதுவாக மடித்து வைத்தாள்.

மறுநாள் சித்தியை உள்ளே அனுப்பிவிட்டு, ரேடியோ பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனாள். இதுவரை கேட்காத கணக்கைக் கேட்டாள். பழைய கடிதம் கடைசியாகப் போனது அறுபது பேருக்கு. மூன்று வாரத்தில் ஐம்பத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள், அழுதுகொண்டாவது. புதிய கடிதம் போன அறுபது பேரில் முப்பத்துமூன்று பேர்தான் வந்திருந்தார்கள். இந்தமுறை கொஞ்சம் மந்தம் என்று நினைத்தேன், புகார் ஒன்றுகூட வரவில்லையே என்றார் அந்த அம்மா. புகார் எப்படி வரும்? இருபத்தேழு பெண்கள் நிம்மதியாக வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குத்தான் ரேடியோ என்று ஒரு அக்கா மகள் இருந்தாள். அன்று மதியமே செவிலியர்கள் மற்றவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். என்ன சொல்லவேண்டும் என்று ரேடியோ ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொடுத்தாள். இந்தமுறை பதினோரு திருத்தம் இல்லை.

துறைத்தலைவர் நல்ல மனிதர். மாணவியின் எதிர்காலம் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறையில், இந்த எண்களை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரம்புகள் என்ற தலைப்பில் போட்டுவிடு, பேச்சில் வேண்டாம் என்றார். வேலை, பரிசு, எல்லாம் அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ ஒரு ராத்திரி யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். போன் எடுக்காத நான்கு பெண்களைப் பற்றித்தான் யோசித்தாள். மதிப்பீட்டன்று கை சரிசெய்யாத கோட்டைப் போட்டுக்கொண்டு போய், ஐம்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்ற இரண்டு எண்களைத் திரையில் போட்டுவிட்டு, என் கடிதத்தை எல்லோருக்கும் பிடித்தது, அதனால்தான் அது தோற்றது என்று ஆரம்பித்தாள். பரிசு வேறொருவனுக்குப் போனது. வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

சித்தியின் முடிவு அடுத்த வாரம் வந்தது. கட்டி சிறியதுதான், அறுவை செய்து எடுத்துவிடலாம், பிறகு சில மாதம் சிகிச்சை என்றார் டாக்டர். இரண்டு மாதம் முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இருவரும் வெளியே வந்து தாழ்வாரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னாலதான் சித்தி."

அப்படியெல்லாம் இல்லை என்று சித்தி சொல்வாள் என எதிர்பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

"ஆமா, உன்னாலதான்" என்றாள் சித்தி. "வேற யாரு எழுதியிருந்தாலும் நான் அன்னைக்கே ஓடிவந்திருப்பேன். நீ எழுதினது. நீ பயப்பட வேணாம்னு சொன்னா நான் எதுக்குப் பயப்படணும்?"

எதிரே ஒரு பெண் கையில் கடிதத்தோடு அறை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். சித்தி எழுந்துபோய் அவளுக்குக் கதவைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு கைப்பையிலிருந்து அளவுநோட்டை எடுத்து, எழுதாத பக்கம் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு ரேடியோவின் மடியில் வைத்தாள்.

"கடை முதலாளிக்கு லீவு லெட்டர் எழுது. நாலு மாசம் வேணும். அந்த ஆள் கொஞ்சம் பயப்படற மாதிரியே எழுது."