பழைய குரலை நிறுத்தியவள்

1

இந்தக் கதை என் மூளையில் தானாக உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஒரு வார இதழில் 'மீண்டவர்கள்' என்று ஒரு பக்கம் வருகிறது. உண்மை மனிதர், உண்மைச் சோகம், கடைசியில் சிரிக்கிற புகைப்படம். அதன் ஆசிரியர், "உங்க வீட்லயே ஒருத்தங்க இருக்காங்களாமே?" என்று கேட்டார். இருக்கிறாள். என் நாத்தனார்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாதவள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். டார்ச் லைட் அளவில் ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பேசுகிறாள். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். மிக்ஸிக்குப் பேச வந்தது போல இருக்கும். (உவமை அவளுடையது. நான் சொல்லியிருந்தால் உதைத்திருப்பாள்.)

"இனிமே உன்னை எப்படிம்மா ரேடியோன்னு கூப்பிடறது?" என்று அவள் அண்ணன், அதாவது என் கணவர், கண் கலங்கினார்.

"ஏண்ணா, ரேடியோ கரகரன்னு பேசினதே இல்லையா?" என்றாள்.

2

முதல் தொடக்கம்: வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவள் கண் விழித்தபோது உலகமே மௌனத்தில்

(நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச வேண்டுமென்றால் ஒரு கை வேண்டும். கத்தியைக் கீழே வைத்தாள். "சுவரு பச்சை, அண்ணி. மௌனம் எங்க இருந்துச்சு? பக்கத்துக் கட்டில் அம்மா விட்ட குறட்டையில எனக்குத் தூக்கமே இல்ல.")

இரண்டாவது தொடக்கம்: இப்படி ஒரு நோய் வரும் என்று அவள் கனவிலும்

("நினைச்சேனே! மாசக்கணக்கா தொண்டை கட்டியிருந்தா நினைக்க மாட்டேனா? பயந்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகல. நான் பயந்தாங்கொள்ளி. அதை எழுதுங்க.")

எழுதிவிட்டேன். பயந்தாங்கொள்ளி. 'மீண்டவர்கள்' பக்கத்தில் இந்தச் சொல் இதுவரை வந்ததாக எனக்கு நினைவில்லை.

3

அவள் வேலைக்குத் திரும்பியபோது நிலைய மேலாளர் உட்காரவைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவளுடைய பழைய அறிவிப்புகள் எல்லாம் பதிவாகியிருந்தன: ஊர்ப் பெயர்கள், எண்கள், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' எல்லாமே. அவற்றை வெட்டி ஒட்டிக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இனி அதுவே பேசிக்கொள்ளும். அவளுக்குத் தொலைந்த பொருள்களின் அறையில் ஒரு நாற்காலி, அதே சம்பளம்.

"உங்க குரல் இனிமே சாகவே சாகாதும்மா," என்றார் மேலாளர்.

"நானும்தான் சார் சாகல. நான் உசுரோட இருக்கும்போது அதை ஏன் சார் பேச விடறீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், "சரி, ஒரு வாரம் பேசிப் பாருங்க. புரியலன்னு புகார் வந்துச்சுன்னா பழைய குரல்தான்," என்றார்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: அந்தப் பழைய குரலைக் கேட்டால் வலிக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். "நல்லாத்தான் பேசறா அவ. ஆனா என் சீட்ல உட்காரக் கூடாது," என்றாள்.)

4

கதை என்றால் ஒரு கண்டம் வேண்டாமா? எழுதினேன்:

கொட்டும் மழை. கணினி குழம்புகிறது. பழைய குரல் தேனாக, 'நான்காவது நடைமேடை' என்கிறது. வண்டியோ ஏழில் உறுமுகிறது. நான்கில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தவிக்கிறாள். நம் நாயகி மைக்கைப் பிடிக்கிறாள்...

எனக்கே பிடித்துவிட்டது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "இதுதாங்க! கடைசியில எல்லாரும் கை தட்டட்டும்," என்றார் ஆசிரியர்.

ரேடியோ படித்தாள். கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"அந்தக் குரல் தப்பே சொல்லலையே அண்ணி."

"கதைக்காகத்தானே..."

"அது தப்பு பண்ணினாத்தான் எனக்கு மைக்கா? யாரையாவது காப்பாத்தினாத்தான் வேலையா? டிரைவர் தினமும் யாரைக் காப்பாத்தறாரு? வண்டியை ஓட்டறாரு, வீட்டுக்குப் போறாரு. எனக்கு மட்டும் ஏன் பரீட்சை?"

எனக்குச் சுருக்கென்றது. பிறகு கோபம் வந்தது, அந்த 'மீண்டவர்கள்' பக்கத்தின் மேல். கால் போனவன் மலையேற வேண்டும், கண் போனவள் பதக்கம் வாங்க வேண்டும். அப்போதுதான் அவர்கள் நம் நடுவே நடமாடலாம். சும்மா வேலைக்குப் போய்வர அவர்களுக்கு உரிமை இல்லையா? மழையைக் கோடு போட்டு அடித்தேன். கர்ப்பிணியை அடித்தேன். அவள் சுகமாகப் பெற்றெடுக்கட்டும், வேறு கதையில்.

5

நடந்தது இதுதான். நானும் போயிருந்தேன். சாதாரணக் காலை, சுள்ளென்று வெயில். கண்ணாடி அறைக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் பழைய குரல் 'பயணிகளின் கனிவான' என்று தொடங்கியது. பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினாள்.

"வடக்கே செல்லும் வண்டி. ஏழாவது நடைமேடை. ஏழு."

(கனிவான கவனம் எங்கே என்று பிறகு கேட்டேன். "கனிவு இதுல வராது. விஷயம் வரும்," என்றாள்.)

நிலையமே ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. "என்னய்யா இது, பேய் மாதிரி கத்துது?" என்றார் ஒருவர், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே. ஏற்றியவர் ஏழாவது நடைமேடையை நோக்கித்தான் ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். யாருடைய பெட்டியோ என் முழங்காலில் இடித்து, வலியில் உயிர் போனது. யாரும் கை தட்டவில்லை. கையில் சுமை இருப்பவர்கள் எப்படித் தட்டுவார்கள்? இரண்டு பேர் மட்டும் மேலாளரைத் தேடிப் போனார்கள், புகார் சொல்ல. அவர் அறை வாசலில் நின்று அதையும் கேட்டார், ஏழில் வண்டி நிரம்புவதையும் பார்த்தார்.

6

முடிவு ஒன்று: மேலாளர் கண்ணீர் மல்க

(அவள் அடித்துவிட்டாள்.)

முடிவு இரண்டு: மறுவாரம் தொலைந்த பொருள்களின் அறையில், யாரோ விட்டுப்போன குடைகளுக்கு நடுவே அவள்

(இதை நான் அடித்தேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.)

வாரம் இன்னும் முடியவில்லை. என்னிடம் முடிவு இல்லை, உங்களிடம் இருக்கிறது. நீங்கள் பெட்டியோடு நிற்கிறீர்கள். தலைக்கு மேலே ஒரு குரல் கரகரக்கிறது. உங்கள் வண்டி ஏழில் நிற்கிறது, மேலாளரின் அறை எதிர்ப்பக்கம் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் போக நேரமில்லை.

ஆசிரியர் இதைப் போடமாட்டார் என்று அவளிடம் சொன்னேன். போகட்டும் என்றாள். "சரிடீ, பயணிங்க எல்லாரும் புகார் சொல்லவே போயிட்டா?" என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டுக் கருவியை எடுத்தாள்.

"புரிஞ்சவங்க ஏறிப் போகட்டும், அண்ணி. புரியாதவங்களுக்கு இன்னொரு தடவை சொல்லுவேன்."