படவேட்டுக்காரிக்குத் தாகம்

வெள்ளைக்காரி நீட்டிய சொம்பைப் பிடுங்கி ரேணுகாம்பாள் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். கத்திரி வெயிலில் காய்ந்த தரை அதை ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டது.

“பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்து ஜன்னி வர வைக்கப் பாக்கறியா? உங்க ஊரா இது?”

தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டு, உள்ளே கிடந்த மருமகள் சரசு நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். பெண் பிள்ளை பெற்றதிலிருந்து, தண்ணீர் கேட்டு எத்தனை கெஞ்சினாலும் அவளுக்குச் சுக்குக் கஷாயமும் பூண்டுக் குழம்பும்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. பால் வற்றிக் குழந்தை ஓயாமல் வீறிட்டது.

வெள்ளைக்காரி பெயர் எல்சா. சொந்த ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார வந்தவள், செங்கம் ரோட்டில் ரேணுகாம்பாளின் புருஷன் அப்பாதுரை வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தாள். கண்ணை மூடியதைவிடத் தெருப் பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து போட்டதுதான் ஜாஸ்தி.

“அப்பாதுரை ஐயா, காச்சின தண்ணி, கொஞ்சம் உப்பு, சக்கரை. நெறைய குடுங்க. இல்லேன்னா சரசு செத்துப் போவும்” என்று சரசுவின் ஜன்னலோரம் நின்று உரக்கச் சொன்னாள்.

கண்ணெதிரே பால் கறந்தாலும் முதலில் சொம்பைக் கவிழ்த்துப் பார்க்கிற மனுஷர் அப்பாதுரை. பெண்டாட்டி சொல்வதையும் நம்பவில்லை, வெள்ளைக்காரி சொல்வதையும் நம்பவில்லை. ஆனால் மருமகள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

உச்சி வெயிலில் வீடு அதிர ஓர் அலறல். சரசு தலைவிரி கோலமாகப் பாயில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

எல்சா மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தாள். “ஐயோ, வலிப்பு! பிடிங்க!”

“சும்மா இரும்மா. சாமி” என்று அப்பாதுரை கையை நீட்டி மறித்தார்.

கற்பூரத்தைத் தேடிய ரேணுகாம்பாள் சட்டென்று நின்றாள். “தீட்டு வீட்ல சாமி எப்பிடி வரும்?”

ஆட்டம் அரை நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக எழும்பியது.

“ஒரு புள்ள பெத்தவளே தீட்டுன்னா, நான் ஒலகத்தையே பெத்தவடி! எனக்கு எம்மாம் தீட்டு இருக்கணும்?”

“யா... யாரு தாயே நீ?”

“படவேட்டுக்காரிடி! ரேணுகாம்பா! என் பேர வச்சிக்கினு எனக்கே தண்ணி இல்லன்றியா?”

ரேணுகாம்பாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். “கேளு தாயே, குடுக்கறேன்.”

“தாகம்! காச்சின தண்ணி. உப்பு போட்டு, சக்கரை போட்டு. அந்த வெள்ளச்சி கையால!”

அப்பாதுரை புருவத்தைத் தூக்கினார். கூழ் கேட்ட சாமி, கோழி கேட்ட சாமி, சாராயமும் சுருட்டும் கேட்ட சாமி எல்லாம் பார்த்தவர். உப்பும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சின தண்ணீர் கேட்ட சாமி இதுதான். குனிந்து பார்த்தார். சாமியின் ஒற்றைக் கண் லேசாகத் திறந்து, சொம்பு வருகிறதா என்று வாசலைத் தேடியது.

அவர் எல்சா பக்கம் திரும்பினார். “காதுல வுழுதில்ல? ஓடிப் போயி கொண்டாம்மா. சாமி கோச்சிக்கப் போவுது.”

சாமி ஒரு சொம்பு குடித்தது. “பத்தல” என்றது. இன்னொன்றும் குடித்தது. “தீட்டு கழியற வரைக்கும் தெனமும் வருவேன்” என்று எச்சரித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

வெளியே வந்த எல்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஐயா, சாமி கேட்டாதான் தண்ணி குடுப்பீங்களா?”

“சரசு மனுசியா இருந்து கேட்டுப் பாத்தா. வேலைக்கு ஆவல” என்றார் அப்பாதுரை.

பொழுது சாயும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. குழந்தை மார்பில் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அப்பாதுரை வழக்கம்போல மோர்ச் சொம்போடு அறை வாசலில் உட்கார்ந்தார். ரேணுகாம்பாள் கற்பூரம் இல்லாமல், தண்ணீர்ச் சொம்பு மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளைக் கண்டதும் சரசு அவசரமாகக் கொண்டையை அவிழ்த்தாள்.

“வேணாம்டி, சும்மாவே குடி. பச்ச ஒடம்பு, ஆடினா தாங்காது.”

சரசு சொம்பை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் விழித்தாள். மாமியார் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் அஞ்சு பெத்தேன். அஞ்சு தபாவும் நெத்தியில போட்ட ஈரத்துணிய யாருக்கும் தெரியாம சப்பிக்கினு கெடந்தேன். எனக்கு ஒரு தபாகூட இந்தச் சாமி வரலையேடி.”

அந்த அஞ்சு தடவையும் இதே வாசலில் மோர் குடித்தபடி உட்கார்ந்திருந்த அப்பாதுரை, வாய் வரைக்கும் போன சொம்பைக் கீழே வைத்தார்.